கல்வாழைப் பூவில் பாதி

என் அம்மா பாண்டியம்மாளுக்கு உலகத்தில் இரண்டே குடும்பம்தான். ஒன்று பங்காளி வீடு, இன்னொன்று மாமன் மச்சான் வீடு. பெண் கொடுத்து எடுக்க முடியாதவர்கள், முடிந்தவர்கள். இரண்டிலும் சேராதவர்களை என்ன செய்வதென்று கேட்டால், "அவுக வேத்தாளுக" என்று முடித்துவிடுவாள். நானோ உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் டியூட்டர். பூக்கிற செடிகளில் மட்டுமே முன்னூறு குடும்பத்துக்கு மேல் உண்டு என்று பகலெல்லாம் பிள்ளைகளுக்கு நடத்திவிட்டு, பொழுது சாய வீட்டுக்கு வந்து, இரண்டே குடும்பம் தெரிந்தவளிடம் தோற்றுக்கொண்டிருந்தேன். அது எழுபத்துநாலாம் வருஷம்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்பது சின்னமனூர் முழுக்கத் தெரியும். "சுருளி அருவி கூடக் கோடையில வத்தும், இந்தச் சுருளியம்மா வாய் வத்தாது" என்று எங்கள் தெருப் பெண்கள் என் காதுபடவே சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பஸ்ஸில் எவனாவது முழங்கையை நீட்டினால் அவனுக்கு ஏழு தலைமுறையும் ஞாபகம் வரும்படி செய்துதான் இறங்குவேன். கனவில் மட்டும் நான் சாது. கனவில் என்னை யாரும் எதற்கும் அதட்டியதில்லை, நானும் யாரையும் அதட்டியதில்லை.

அந்தக் கனவைச் சொல்வதற்கு முன்னால் என் பாடத்தைச் சொல்லிவிட வேண்டும். வாழை, மஞ்சள், இஞ்சி, ஏலம், குழாயடியில் பூத்துக் கிடக்கிற கல்வாழை, இவையெல்லாம் ஒன்றுக்கொன்று உறவு. பழைய பாடமுறையில் எல்லாவற்றையும் ஒரே குடும்பமாகத்தான் எழுதியிருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் உட்கார்ந்து பார்த்து, இது சரிப்படாது என்று எட்டுக் குடும்பமாகப் பிரித்து, ஆளுக்கொரு தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்கள். நான் ஆராய்ச்சி என்று பேர் பண்ணிக்கொண்டு அந்த எட்டு வீட்டுக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தேன். கல்லூரியில் எனக்குப் பெயரே ஏலக்கா டீச்சர்.

எட்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான் என்பதற்குப் பூவில்தான் சாட்சி இருக்கிறது. ஆதியில் ஒரு செடி இருந்திருக்கும். அதன் பூவில் ஆறு மகரந்தத் தாள்கள் இருந்திருக்கும். மகரந்தத் தாள் என்றால் வேறொன்றுமில்லை, தூளைச் சுமந்து நிற்கிற காம்பு. அந்தத் தூள் இல்லாவிட்டால் செடிக்கு வம்சம் இல்லை. வாழைப்பூவில் இன்றைக்கும் அதில் ஐந்து உயிரோடு இருக்கிறது. ஏலப்பூவில் ஒன்றுதான். மற்றவை வேலையை விட்டுவிட்டன. சில மறைந்தே போயின, சில இதழாக மாறி அழகுக்கு நிற்கின்றன. ஏலப்பூவில் வெள்ளையாக, ஊதா வரி ஓடி, நாக்கு நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது இதழே இல்லை. பழைய மகரந்தத் தாள்கள் இரண்டு ஒட்டிப்போய் அப்படி நிற்கின்றன.

கனவில் நான் அந்த ஆதிச் செடியைப் பார்க்கப் போவேன். பெரியாற்றுக்கு இன்னும் பேர் வைக்காத காலம். பள்ளத்தாக்கு முழுக்கக் காடு, காடு முழுக்க ஈரம், ஈரத்துக்குள் பச்சையாக ஒரு வெளிச்சம். என் காலடியில் சத்தமே இருக்காது. எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் செடி மேற்கு மலைக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கும். பூ விரிந்திருக்கும். ஆறு காம்பையும் எண்ணலாம் என்று குனிகிறபோது ஏலக்காய் வாசம் வந்துவிடும், முழித்துக்கொள்வேன். கொஞ்ச நாளாக அந்தச் செடிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நிற்கிறான். அவன் அழகுமலை என்று எனக்குக் கனவிலேயே தெரியும்.

அழகுமலை கோம்பைக்காரன். கேரளத்து எல்லையில் ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். மலையைவிட்டு இறங்குகிறபோதெல்லாம் ஏலச்செடியைத் தூரோடு பெயர்த்து, பூ உதிராமல் ஈரச் சாக்கில் சுற்றி, எனக்குக் கொண்டுவருவான். ஏலம் உச்சியில் பூக்காது, அடித்தூரிலிருந்து சரம்விட்டு மண்ணை ஒட்டிப் பூக்கும். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வருவது பச்சைப்பிள்ளையைக் கொண்டுவருகிற பாடு. ஒருநாளும் ஒரு பூ கசங்கி நான் பார்த்ததில்லை.

அந்த ஆனி மாதமும் கொண்டுவந்தான். எங்கள் வாழைத்தோட்டத்து வாய்க்கால் கரையில் உட்கார்ந்து பூவைப் பிரித்துக் காட்டினேன்.

"அப்ப மிச்ச அஞ்சும் எங்கன போச்சு?" என்றான்.

"சிலது போயே போச்சு. சிலது இந்தா, இதழா மாறி நிக்குது."

"அதாவது, வேலவெட்டிக்குப் போகாம, வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டுக் கடைவீதியில நிக்கிற ஆளுக மாதிரி."

"வாயைப் பாரு. உன்னையும் சேத்துத்தான்."

"நான் வேலைக்குப் போறவன்ல? கொறச்சு மரியாதை குடு" என்றான். கொறச்சு என்றால் மலையாளத்தில் கொஞ்சம்; மலையிலேயே கிடந்து அவன் பேச்சில் இப்படி அது ஒட்டியிருக்கும். நான் சிரித்தேன். சாரல்காற்று வாழை இலைகளைப் படபடவென்று அடித்தது. மேகம் மலையை விட்டு இறங்கி எங்கள் தோட்டத்துக்கே வந்துவிடும்போல் இருந்தது. எனக்கு அவனைப் பிடிக்கும். சுற்றி வளைப்பானேன், அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. அவனுக்கும் அதே ஆசைதான். இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், அவன் எனக்கு அண்ணன் முறை.

அவன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் குலசாமி ஒன்று. மலையடிவாரத்து ஆலடிக் கருப்பு. மாசி மாதம் சிவராத்திரிக்கு இரண்டு வீடும் அங்கேதான் சாமிப்பெட்டி தூக்கிப் போகும், பக்கத்துப் பக்கத்து அடுப்பில் பொங்கல் வைக்கும். ஒரே சாமி கும்பிட்டால் ஒரே ரத்தம், பங்காளி. இது எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. அதனால் அழகுமலை என் அம்மாவைச் சின்னம்மா என்று கூப்பிட்டான். நான் மட்டும் அவனை அண்ணே என்று கூப்பிட்டதே இல்லை. பத்து வயதிலிருந்தே அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. அம்மா எத்தனையோ தரம் குட்டியும் வரவில்லை.

சாமியோடு நின்றிருந்தால்கூட நான் மல்லுக்கட்டியிருப்பேன். என் அய்யா மலைச்சாமி இறந்தபோது நான் கல்லூரியில் படிக்கச் சேர்ந்த புதிது. விடாத மழை. எங்கள் மற்ற பங்காளிகள் எல்லாரும் வருசநாட்டுப் பக்கம். ஓடையெல்லாம் பெருகிப் பாதை அடைத்துக்கொண்டது. அய்யாவுக்கு ஆண்பிள்ளை கிடையாது, கூடப்பிறந்தவரும் கிடையாது. உடம்பைப் போட்டு வைத்துக்கொண்டு எத்தனை நேரம் காத்திருப்பது? மீசை அப்போதுதான் அரும்பிய அழகுமலை, நனைந்துகொண்டே வந்து நின்றவன், "நான் வைக்கிறேன் சின்னம்மா" என்று சொல்லித் தலையை மழித்துக்கொண்டு கொள்ளிச்சட்டியைத் தூக்கினான். அன்றிலிருந்து அவன் என் அம்மாவுக்குப் பிள்ளை. எங்கள் வீட்டுக்குள் வந்தால் செருப்பைக் கழற்றியதும் நேரே அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்து பார்ப்பான். "ஏலே, கையைக் கழுவுலே" என்று அம்மா சிரித்துக்கொண்டே கரண்டியால் அடிப்பாள். என்னிடம் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆனி கடைசியில் அம்மா எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டாள். ஆண்டிபட்டிப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார். ஆடி கழித்து ஆவணியில் கல்யாணம் என்று பேசியும் விட்டாள்.

"அண்ணன்காரனா நின்னு மாப்பிள்ளைக்குக் கால் கழுவி மோதிரம் போடணுமே, அழகுகிட்டச் சொல்லிட்டேன். சரின்னுட்டான்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த சொம்பு முற்றத்தில் போய் விழுந்தது. "நான் கட்டுனா அவனைத்தான் கட்டுவேன்" என்று கத்தினேன். அப்படியே, பச்சையாக.

அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "அடி பாதகத்தி! உங்க அய்யாவுக்குக் கொள்ளி வச்சவன்டி அவன். ஒரே சாமி கும்பிடுற பங்காளி வீட்டுல சம்பந்தம் பண்ணுனா ஊரு காறித் துப்பும்டி."

"சாமி ஒண்ணா இருந்தா ரத்தம் ஒண்ணாயிருமா?"

"ஆமா, பெரிய படிப்பு. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாக!"

அடுத்த முறை அழகுமலை வந்தபோது வாய்க்கால் கரையிலேயே பிடித்துக்கொண்டேன். "மோதிரம் போடுறேன்னு சரி சொன்னியாம்ல?"

அவன் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. "சின்னம்மா கேட்டாக. என் தலையைத் தடவிக்கிட்டே கேட்டாக. மாட்டேன்னு எப்பிடிச் சொல்றது?"

"வாயால சொல்றது."

"வராதுன்னு தெரியும்ல உனக்கு." செடியைச் சாக்கிலிருந்து எடுத்துக்கொண்டே சொன்னான். "அதுவும் போக, வேற எப்பிடி நான் உன் கல்யாணத்துல உன் பக்கத்துல நிக்கிறது?"

அவன் கையில் இருந்த ஏலச்செடியைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தேன். அது மூழ்கவில்லை. பூச்சரம் மேலே தெரிய, தண்ணீர் போகிற போக்கில், அவசரமே இல்லாமல் மிதந்து போனது. வளைவு திரும்புகிறவரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவன் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த வாரம் வகுப்பில் கள்ளிப் பாடம். ஆண்டிபட்டிக் கணவாயில் வெட்டிவந்த திருகுகள்ளியையும் சப்பாத்திக்கள்ளியையும் மேஜைமேல் வைத்திருந்தேன். இரண்டுக்கும் சதைப்பற்று, இரண்டுக்கும் முள், ஊரில் இரண்டுக்கும் கள்ளி என்றே பேர். கீறினால் ஒன்றில் பால் வடியும், மற்றதில் வடியாது. பூவைப் பிரித்தால் சுத்தமாக உறவே இல்லை. காய்ந்த மண்ணில் பிழைத்துக் கிடக்க வேண்டியிருந்ததால் இரண்டும் ஒரே கோலத்துக்கு வந்திருக்கின்றன. "தேவைக்கு வந்த கோலத்தை உறவுன்னு எடுத்துக்காதீங்க. இலையும் தண்டும் ஏமாத்தும். பூவைப் பாருங்க" என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். சொன்ன வாய் மூடவில்லை, எங்கள் வீட்டுக் கணக்கு ஞாபகம் வந்தது. ஒரே கோயிலில் கும்பிடுவது இலையா, பூவா?

வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் தேய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த கல்வாழைப் பூவைப் பறித்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். "இதைப் பாரேன். இந்தப் பூவுல உசுரோட இருக்குறது பாதிக் காம்புதான். ஒரே காம்பு, அதுல ஒரு பக்கம் இதழா மாறிப்போச்சு. மறுபக்கம் இன்னும் தூளைச் சுமக்குது பாரு. அந்தப் பாதியிலதான் இதுக்கு வம்சமே."

அம்மா பூவை வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தாள். நிஜமாகவே பார்த்தாள். பிறகு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "பாதி மாறுனா என்ன, முழுசா மாறுனா என்ன. செடிக்குக் கொள்ளி வைக்க ஆள் வேணுமா, கோடி போட ஆள் வேணுமா? அது பாட்டுக்குப் பூக்குது. மனுசப் பொழப்பு அப்பிடியாடி?"

ஆடி நடுவில் ஒருநாள் விடிந்ததும் கோம்பையிலிருந்து ஆள் வந்தது. அழகுமலையின் பெரியப்பா ஒச்சாண்டி இறந்துவிட்டார். அம்மா சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஜவுளிக்கடைக்காரரை எழுப்பி, செத்தவருக்குப் போர்த்த ஒரு கோடி வேட்டியும் துண்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உத்தமபாளையம் தாண்டியதும் தூறல் பிடித்தது. ஜன்னல் தட்டியை இறக்கிவிட்டதில் பஸ்ஸுக்குள் இருட்டு. கண் அசந்தது. அதே காடு, அதே சொட்டுச் சத்தம். ஆதிச் செடி நின்றது. இந்தத் தடவை அம்மா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் வெள்ளைத் துணி ஏந்தியிருந்தாள். செடிக்குப் பக்கத்தில் போய், இதை யாருக்குப் போடுவது என்று கேட்டாள். பஸ் குலுங்கி நான் முழித்தபோது அம்மாவின் மடியில் அதே வெள்ளைத் துணி இருந்தது.

"ஏம்மா, பங்காளி வீட்டுச் சாவுக்குக் கோடி எடுப்பாகளா?" என்றேன்.

"எடுக்க மாட்டாக. பங்காளின்னா தீட்டு ஒண்ணுல்ல? நமக்கு நாமே கோடி போடுறதாவது! மாமன் மச்சான், சம்பந்தகாரகதான் கோடி போடுவாக" என்றாள், வெளியே பார்த்துக்கொண்டே.

"அப்ப உன் மடியில இருக்குறது என்ன?"

அம்மா குனிந்து பார்த்தாள். அந்தத் துணியை அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறவள் மாதிரிப் பார்த்தாள்.

"இது... கோம்பை வீட்டுச் சாவுன்னா என் மாமியா எடுத்தாக. நானும் எடுத்துட்டுப் போயி அங்கன யாரு கையிலயாச்சும் குடுத்துருவேன். வழக்கம்டி."

"ஏன்னு கேட்டியா?"

"வழக்கத்தைப் போயி ஏன்னு கேப்பாகளா?" என்றாள். ஆனால் குரலில் பழைய வீறாப்பு இல்லை. கோடியை மெதுவாக முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.

சாவு வீட்டில் குளிப்பாட்டி முடித்துப் பாடையும் கட்டியாகிவிட்டது. மழை வலுக்கிறதற்குள் தூக்க வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். அழகுமலை தலை நனைந்து பாடைக்குப் பக்கத்தில் நின்றான். எங்களைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அம்மா பெண்களோடு போய்ச் சேர்ந்து கட்டி அழுதுவிட்டு, சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். கோடி முந்தானைக்குள்ளேயே இருந்தது.

"இன்னும் எதுக்குக் காத்துக் கிடக்கீக? தூக்குங்கப்பா" என்று யாரோ ஒரு மருமகப் பிள்ளை சத்தம் போட்டான்.

அழகுமலையின் சின்னப்பாட்டன் ராக்கப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், தடியைத் தரையில் தட்டினார். "பொறுலே. மொதக் கோடி விழாம எப்பிடித் தூக்குறது? சின்னமனூர்க் கோடி வரட்டும்."

"அதென்ன, அவுக பங்காளிதான? பங்காளி போடுற கோடிக்கா காத்திருக்கோம்?" என்றான் அந்த மருமகன்.

"எந்தக் கூறுகெட்டவன் சொன்னான் பங்காளின்னு? தாது வருசப் பஞ்சத்துல கெழக்க இருந்து ஒண்டியாப் பொழைக்க வந்தவரு எங்க பாட்டன். சின்னமனூர் வீட்டுல பொண்ணைக் குடுத்து வீட்டோட மாப்பிள்ளையா வச்சுக்கிட்டாக. தன் சாமி எங்கன இருக்குன்னே தெரியாத மனுசன், பொண்டாட்டி வீட்டுச் சாமியக் கும்பிட்டாரு. அதுதான் ஆலடிக் கருப்பு. அந்தக் கெழவி பொறந்த வீட்டுக் கோடிதான் இந்த வீட்டுல எந்தச் சாவுக்கும் மொதக் கோடி. மாமன் வீட்டுக் கோடிய்யா அது."

"அப்ப ஊரெல்லாம் பங்காளிங்குது?"

"சாமி ஒண்ணுன்னு ஊரு தானாச் சேத்துக்கிருச்சு. பொண்ணு குடுக்க எடுக்கப் பேச்சு வந்திருந்தாக் கேட்டிருப்பாக. யாரு கேட்டா?"

"அப்ப மலைச்சாமிக்கு நம்ம அழகு கொள்ளி வச்சது?"

"அன்னைக்கு மழையில வேற நாதியில்ல. ஆபத்துக்குப் பாவமில்ல."

எனக்குக் காதெல்லாம் அடைத்துப்போனது. மழைச் சத்தமா, என் ரத்தமா என்று தெரியவில்லை. மாமன் வீடு! எங்கள் வீட்டுப் பெண் வயிற்று வம்சம். அழகுமலை என் மச்சான். பிறந்ததிலிருந்து மச்சான்! சாவு வீட்டில் நின்றுகொண்டு உள்ளுக்குள் துள்ளிய மூதேவி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்புறம்தான் அம்மாவைப் பார்த்தேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. முந்தானைக்குள் இருந்த கோடியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தாள். ராக்கப்பன் சொன்னது முழுக்க அவள் காதிலும் விழுந்திருந்தது. கோடியை எடுத்துப் போட்டால் அவள் மாமன் வீட்டுக்காரி என்று ஊர் முன்னால் ஒத்துக்கொண்டதாகிவிடும். எடுத்துவர மறந்துவிட்டேன், பங்காளி வீடு என்று நினைத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அழகுமலை அவளுக்குப் பிள்ளையாகவே இருப்பான். ஆவணியில் எனக்கு மோதிரமும் போடுவான்.

"சின்னமனூர் ஆளுக யாரும் வந்திருக்காகளா?" என்று கூப்பிட்டார்கள்.

என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் மடியில்தான் இருக்கிறது என்று ஒரு கத்துக் கத்தினால் முடிந்தது. சண்டைக்காரி சுருளியம்மாளுக்கு அது எவ்வளவு நேரம்? ஆனால் அம்மாவின் கையைப் பார்த்தபோது என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அந்தக் கை முந்தானைக்குள் கோடியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா நிமிர்ந்து அழகுமலையைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். மழைத் தண்ணீர் அவன் தலையிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. என் அய்யா செத்த அன்றைக்கு எங்கள் வாசலில் வந்து நின்றவன் அப்படித்தான் நின்றான். அம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். முந்தானையை விலக்கிக் கோடியை எடுத்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, என்னைத் தாண்டி, கூட்டத்தைத் தாண்டிப் போய் ராக்கப்பன் கையில் கொடுத்தாள்.

"மாமன் வீட்டுக் கோடி!" என்று சத்தம் எழுந்தது. கொட்டுச் சத்தம் அதை வாங்கிக்கொண்டது. பாடையைத் தூக்கினார்கள்.

திரும்பி வருகிறபோது பஸ்ஸில் கூட்டமில்லை. தூறல் நின்று வயல்களுக்கு மேலே வெள்ளை வெயில் கிடந்தது. சின்னமனூர் நெருங்குகிறபோதுதான் அம்மா வாய் திறந்தாள்.

"ஆண்டிபட்டிக்காரகளுக்கு வேணாம்னு சொல்லி அனுப்பணும்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவனையே கட்டிக்க. நல்ல பய." கையை விடுவிக்கவில்லை. "எனக்கும் ஒரு மகன் இருக்கான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்டி. நான் செத்தா அவன் வப்பான்னு ஒரு தெம்பு. இனிமே வருசநாட்டுல இருந்து மொகந்தெரியாத எவனோ ஒருத்தன் வந்து எனக்குத் தீ வைக்கணும். மருமகன் எப்பிடி வைப்பான்? போகட்டும்."

கேட்டதெல்லாம் கிடைத்த நாளில், முன்னூறு குடும்பம் படித்த நான் பஸ்ஸில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதேன். அம்மாதான் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

கருமாதி முடிந்த பிறகு ஒரு மத்தியானம் அழகுமலை வந்தான். தலை மழித்திருந்தான். கக்கத்தில் ஈரச் சாக்கு. எப்போதும் வாசலிலேயே "சின்னம்மா, என்ன கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவன், படியில் நின்றுவிட்டான். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. அத்தை என்ற வார்த்தை தொண்டைவரை வந்து நின்றதையும் பார்த்தேன்.

அடுப்படியில் இருந்த அம்மா அவனைப் பார்த்தாள். கையைத் துடைத்தாள். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, கரண்டியும் கையுமாக, அடுப்படியை ஒட்டிய உள்ளறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகன் முன்னால் வந்து நிற்க மாட்டாள், நேருக்கு நேர் பேசவும் மாட்டாள். அதுதான் முறை. அந்த முறைக்காகத்தான் நான் அத்தனை சண்டை போட்டேன். கதவு இடுக்கில் அவள் சேலைக் கரை மட்டும் தெரிந்தது.

அவன் செடியைத் தூணோரம் வைத்தான். நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தான். கதவைப் பார்த்து, கதவிடமே சொல்கிற மாதிரி, "அப்ப நான் வரட்டா" என்றான். படியிறங்கி, பாத்திரம் தேய்க்கிற கல்லையும் கல்வாழையையும் தாண்டி வாசல்வரைக்கும் போய்விட்டான்.

"ஏலே!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "எங்கன போற? கொழம்பு அடுப்புல கெடக்கு. கையைக் கழுவிட்டுத் தின்னுட்டுப் போ."

அவன் ஓடி வந்தான். செருப்பைக் கழற்றியதும் நேரே அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்தான். அம்மா கதவை விட்டு வெளியே வரவில்லை. கதவிடுக்கு வழியாகக் கையை மட்டும் நீட்டிக் கரண்டியைக் கொடுத்தாள்.